உனைசியின் ஒப்புதல்

“சும்மா ஒரு சின்ன மாற்றம்தான்” என்று சொல்லிக்கொண்டு யாராவது மேசைக்கு வந்தால் உனைசி தலையைத் தூக்கவே மாட்டாள். கையில் இருக்கும் பன்னைத் தின்று முடித்து, விரல்களை ஒவ்வொன்றாகத் துடைத்து, அதற்குப் பிறகுதான் வாயைத் திறப்பாள். “சின்னதுன்னா உன் வீட்லயே வச்சுக்கோ. எதுக்கு என் டேட்டாபேசுல கொண்டாந்து போடுற?” வந்தவர் கப்பல் கேப்டனாக இருந்தாலும் இதே பதில்தான்.

எங்கள் தீவு நாட்டின் தலைநகர் சூவாவின் துறைமுகத்தில், வாலு பே பக்கம், தீவுகளுக்குக் கப்பல் விடுகிற கம்பெனி எங்களுடையது. டிக்கெட், சரக்கு, எந்தக் கப்பலில் எத்தனை உயிர் என்ற கணக்கு, எல்லாம் ஒரே டேட்டாபேசில் இருக்கிறது. உனைசிதான் அதற்குப் பொறுப்பு. அவளும் எமோசி என்ற இளைஞனும் அதில் மாற்றங்கள் செய்வார்கள். செய்தது ஒழுங்காக ஓடுகிறதா என்று சோதித்துப் பார்ப்பது என் வேலை. நான் பெண் என்றாலும் என்னை அவள் குடும்பப் பெயரால் நாயுடு என்றுதான் கூப்பிடுவாள். எங்கள் வீட்டு வாசலில் நின்று அப்படிக் கூப்பிட்டால் வீடே திரும்பிப் பார்க்கும் என்று சொல்லிப் பார்த்தேன். பலனில்லை.

உனைசி கண்டாவுத் தீவுக்காரி. நல்ல உயரம், அதற்கு ஏற்ற குரல். புருஷன் துறைமுகத்தில் இழுவைப் படகு ஓட்டுகிறார். வீட்டில் அவர் பேசுவதற்கு இவள் இடம் வைப்பதில்லை. டிக்கெட் கவுண்டரில் வேலைக்குச் சேர்ந்தவள். டேட்டாபேசைப் பார்த்துக்கொண்டிருந்தவர் ஆஸ்திரேலியாவுக்குக் குடிபோனபோது, பக்கத்தில் உட்கார்ந்திருந்த பாவத்துக்கு அது இவள் தலையில் விழுந்தது. எங்கள் ஊரில் பாதி வேலைகள் இப்படித்தான் கைமாறுகின்றன. தெரிந்தவர் விமானம் ஏறுவார், பக்கத்து மேசைக்காரர் கற்றுக்கொள்வார்.

அப்போது அந்த டேட்டாபேஸ் இருந்த கோலத்தை நான் என் கண்ணால் பார்த்திருக்கிறேன். கட்டணம் போடுவது, சரக்கு எடை கூட்டுவது போன்ற வேலைகளைச் செய்யும் நிரல்கள் டேட்டாபேசுக்குள்ளேயே குடியிருந்தன. யாருக்கு எது தோன்றினாலும் நேராக உள்ளே போய் மாற்றிவிடுவார்கள். கை வைக்குமுன் பயத்தில் ஒரு நகல் எடுத்து வைப்பார்கள், அந்த நகலை யாரும் அழிக்க மாட்டார்கள். கட்டணம், கட்டணம்_பழையது, கட்டணம்_புதியது, கட்டணம்_புதியது_சரியானது, கட்டணம்_தொடாதே என்று ஒரு குடும்பமே இருந்தது. இதில் உண்மையாக ஓடிக்கொண்டிருந்தது ‘தொடாதே’. அதை எழுதியவர் இப்போது பிரிஸ்பேனில் டாக்சி ஓட்டுகிறார். போன் போட்டுக் கேட்டால், தான் எழுதியதே ஞாபகமில்லை என்கிறார்.

ஒருநாள் காலை இரண்டு பேர் ஒரே நிரலில் ஒருவருக்குத் தெரியாமல் ஒருவர் கை வைத்தார்கள். பிந்தி முடித்தவர் முந்தி முடித்தவரின் வேலையை அழித்துவிட்டார். பள்ளிப் பிள்ளைகளுக்கான பாதிக் கட்டணம் அதோடு போய்விட்டது. விடுமுறைக்குத் தீவுக்குக் கிளம்பிய பிள்ளைகள் அத்தனை பேருக்கும் பெரியவர் கட்டணம் விழுந்து, பெற்றோர்கள் கவுண்டர் கண்ணாடியைத் தட்டி உடைக்கப் பார்த்தார்கள். கவுண்டர் பெண்கள் பின் அறையில் தாழ் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள்.

அதன் பிறகுதான் உனைசி பிடிவாதமாக நின்று புது ஏற்பாட்டைக் கொண்டுவந்தாள். டேட்டாபேசில் இருக்கிற ஒவ்வொரு நிரலும், ஒவ்வொரு அட்டவணையின் அமைப்பும், எழுத்தாக வெளியே ஓர் இடத்தில் இருக்க வேண்டும். எந்த வரியை யார் எப்போது எதற்காக மாற்றினார்கள் என்பது அங்கே தானாகப் பதிவாகும். பழையபடி வேண்டுமென்றால் எடுத்துக்கொள்ளலாம். அந்த இடத்தை நான், சரக்கு வைக்கிற கிடங்கை நினைத்து, கிட்டங்கி என்றே சொல்லிவிடுகிறேன். கிட்டங்கியில் இருப்பதுதான் நிஜம், ஓடுகிற டேட்டாபேஸ் அதைப் பார்த்து நடந்துகொள்ள வேண்டும் என்றாள்.

அவள் போட்ட விதிகள் அலுவலகத்தில் பியூன் வரைக்கும் மனப்பாடம். ஓடுகிற டேட்டாபேசில் யாரும் நேராகக் கை வைக்கக் கூடாது. மாற்றம் எதுவானாலும் எண் போட்ட கோப்பாக வரிசையில் வர வேண்டும். ஒருமுறை ஓடிவிட்ட கோப்பைத் திருத்தவே கூடாது; தப்பு என்று பிறகு தெரிந்தால் அடுத்த எண்ணில் புதுக் கோப்பு எழுதித்தான் சரிசெய்ய வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலே, எழுதியவர் தவிர இன்னொருவர் படித்து ஒப்புதல் கொடுக்காமல் எதுவும் உள்ளே போகாது. இருப்பதே இரண்டு பேர் என்பதால் எமோசி எழுதியதை உனைசி படிப்பாள், உனைசி எழுதியதை எமோசி படிப்பான். யாருக்கு ஒப்புதல், யாருக்கு மறுப்பு என்பது சுவரில் மாட்டிய டிவியில் பச்சையிலும் சிவப்பிலும் வந்துகொண்டே இருக்கும். அந்த டிவி எங்கள் மேனேஜர் பெனாயாவின் யோசனை. அதில் ரக்பி போடுவான் என்று நம்பித்தான் நாங்கள் எல்லோரும் தலையாட்டினோம்.

எமோசி சேர்ந்த முதல் நாளே ஊரைக் கேட்டாள் உனைசி. அவன் தன் மலையடி ஊரின் பெயரைச் சொன்னதும் ஓய்லே என்று கத்தி மேசையைத் தட்டினாள். அவள் ஊரும் அவன் ஊரும் தௌவூ. முன்னோர் காலத்து உறவு அது. தௌவூக்காரர்கள் ஒருவரை ஒருவர் தௌ என்று கூப்பிடுவார்கள், வாய்க்கு வந்தபடி ஏசலாம், பொருளைக் கேட்காமல் எடுத்துக்கொள்ளலாம், யாரும் கோபித்துக்கொள்ளக் கூடாது. அன்று மத்தியானமே அவனுடைய ரொட்டிப் பொட்டலத்தை எடுத்து அவன் கண் முன்னாலேயே தின்றாள். மறுநாள் அவளுடைய குடையை அவன் எடுத்துப் போய்விட்டான். சூவா மழையில் குடை இல்லாமல் போவது லேசான தண்டனை இல்லை.

அவன் அனுப்பும் கோப்புகளை அவள் படிக்கிற நேரம் எங்களுக்கெல்லாம் பொழுதுபோக்கு. சரக்குப் பிரிவிலிருந்து டீக் கோப்பையோடு வந்து நின்றுகொள்வார்கள்.

“டேய் தௌ, இங்க வா. இது என்ன? பன்னிப் பட்டிக்கு ஒரு பக்கம் மட்டும் வேலி போட்ட மாதிரி இருக்கு. மிச்ச மூணு பக்கம் எங்க?”

“உங்க தீவுல வேலின்னா என்னன்னு தெரியுமா தௌ? சுத்தி கடல்தானே!”

“கடல் இருக்குறதாலதான் எங்க பன்னி எங்கயும் போகல. உன் பன்னி கட்டணத்தைத் தின்னுட்டு ஓடிப்போச்சு. எடை பூஜ்யம்னா எதால வகுப்ப?”

“பூஜ்யம் எடையில யாரு சரக்கு அனுப்புவா?”

“உன் மூளையை அனுப்பினா?”

சரக்குப் பிரிவு விழுந்து விழுந்து சிரிக்கும். அவனும் சிரித்துக்கொண்டே போய் எழுதித் திருப்பி அனுப்புவான். டிவியில் சிவப்பு, சிவப்பு, சிவப்பு, கடைசியில் ஒரு பச்சை. பையன் மோசமில்லை, அவசரக்காரன். ஏச்சு வாங்க வாங்கத் தேறிக்கொண்டு வந்தான். நான் சோதிக்கும்போது அவன் வேலையில் கிடைக்கிற பிழைகள் குறைந்துகொண்டே போனதும் எனக்குத் தெரியும்.

இதற்கு நடுவில் உனைசியின் மகள் வசிதி ஒருநாள் அம்மாவுக்குக் குடை கொண்டுவந்தாள். குடை எமோசியிடம் இருந்ததால் இரண்டாவது குடை. அதற்குப் பிறகு மழை இல்லாத நாளிலும் குடை வந்தது. ஆஸ்பத்திரி ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்க்கிற பெண், விவரமானவள். ஒரு வருஷத்துக்குள் எமோசியின் வீட்டார் முறைப்படி திமிங்கலப் பல்லோடு வந்து பெண் கேட்டார்கள். உனைசி சந்தோஷமாகத்தான் கொடுத்தாள். கல்யாணத்துக்கு முந்தின நாள் அலுவலகத்தில் கடைசி முறையாக அவன் ரொட்டியை எடுத்துத் தின்றாள். “இன்னியோட சரி, தௌ” என்றாள். எனக்கு அன்று அதன் கனம் புரியவில்லை.

கல்யாணம் முடிந்து அவன் திரும்பி வந்தபோது அவளுக்கு அவன் வுங்கோ. மாமியாரும் மருமகனும் நேருக்கு நேர் பேசக் கூடாது, முகத்தைப் பார்க்கக் கூடாது, கைக்குக் கை பொருள் கொடுக்கக் கூடாது, கேலி என்ற பேச்சுக்கே இடமில்லை. சூவாவில் பாதிப் பேர் இதையெல்லாம் விட்டுவிட்டார்கள். உனைசி விடவில்லை. எங்கள் வீடுகளில் மருமகன் வந்தால் முறுக்கிக்கொண்டு நாற்காலியில் உட்காருவார், மாமியார் கதவுக்குப் பின்னால் நிற்பார், அவ்வளவுதான். இது அப்படியில்லை. இருவருக்குமே பயம் கலந்த மரியாதை, இருவருமே ஒதுங்கிப் போக வேண்டும். இரண்டு மேசைக்கும் நடுவில் பெனாயா ஓர் இரும்பு அலமாரியைக் கொண்டுவந்து நிறுத்தினான். ஸ்டேப்ளர் வேண்டுமென்றால் உனைசி அதை என் மேசையில் வைப்பாள், எமோசி என் மேசையிலிருந்து எடுத்துக்கொள்வான். நான் அவர்கள் வீட்டுக் கதவு மாதிரி ஆகிவிட்டேன்.

சரக்குப் பிரிவு டீக் கோப்பையோடு வந்து பார்த்துவிட்டு ஏமாந்து போனது. எமோசி கோப்பு அனுப்புவான். உனைசி படிப்பாள். டிவியில் பச்சை. ஒரு சொல் கிடையாது.

முதலில் நானும் பையன் திருந்திவிட்டான் என்றுதான் நினைத்தேன். பிறகு கிட்டங்கியின் வரிசையைப் பார்த்தேன். எமோசியின் ஒவ்வொரு கோப்புக்கும் அடுத்த எண்ணில் உனைசியின் கோப்பு ஒன்று இருந்தது. தலைப்பில் ‘சிறு ஒழுங்கு’ என்று மட்டும் போட்டிருப்பாள். உள்ளே பார்த்தால் அவன் விட்ட மூன்று பக்க வேலியும் இருக்கும். அவன் எழுதியதற்கு ஒப்புதல் கொடுத்துவிட்டு, அதன் தவறைத் தன் கோப்பில் சரிசெய்து, இரண்டையும் சேர்த்தே சோதனைக்கு அனுப்பினாள். என் கைக்கு வரும்போது பிழை இருக்காது. ஓடியதைத் திருத்தக் கூடாது, அடுத்த எண்ணில் சரிசெய்ய வேண்டும் என்ற அவள் விதி இதற்கு நன்றாகத்தான் வளைந்துகொடுத்தது.

அவள் கோப்புக்கும் ஒப்புதல் வேண்டுமே, அதைக் கொடுத்தவன் எமோசி. படிக்காமல் கொடுத்தான். மாமியார் எழுதியதில் குறை தேட எந்த மருமகனுக்கு நெஞ்சு வரும்? இரண்டு பேரும் மரியாதையாகக் கண்ணை மூடிக்கொண்டார்கள், டிவி பச்சைப் பசேல் என்று இருந்தது.

ஒருமுறை கேட்டேன். “இப்படி எத்தனை நாளைக்கு அவன் பின்னாடியே பெருக்கிக்கிட்டுப் போவ?”

“வுங்கோவோட வேலையைப் பத்து பேர் முன்னால மறுக்கச் சொல்றியா? எங்க ஊர்ல கேள்விப்பட்டா என் அண்ணன் என் மூஞ்சில முழிக்க மாட்டாரு.”

“டிவியில வர்ற பச்சை, சிவப்பு கூடப் பேச்சுதானா?”

“பேச்சு இல்லாம? நான் சொன்னாத்தானே அது சிவப்பாகுது?”

அடுத்தவர் குடும்பத்தில் மூக்கை நுழைக்க எனக்கு ஆசை இல்லை. வேலை நடந்தது, கப்பல்கள் போயின.

இரண்டு வருஷம் இப்படிப் போனது. வடக்கே லம்பாசாவில் ஒரு சின்னக் கப்பல் கம்பெனியை எங்கள் கம்பெனி வாங்கியது. அங்கே தனி டேட்டாபேஸ், அதற்குத் தனிப் பொறுப்பாளர் வேண்டும். பெனாயா டிவியின் கணக்கை எடுத்துப் பார்த்தான். இரண்டு வருஷமாக ஒரு மறுப்புகூட வாங்காத ஆள் எமோசி, அதுவும் உனைசியின் கையால். மேலிடத்தில் காட்டினான். அவர்களுக்கும் பிடித்துப்போயிற்று. சம்பள உயர்வு, தோட்டம் வைத்த வீடு, அங்கே அவன்தான் எல்லாம். அவன் எழுதுவதை அங்கே படிக்க வேறு ஆள் கிடையாது. வசிதி அப்போது மாசமாக இருந்தாள். திரைச்சீலைத் துணிகூட வாங்கியாகிவிட்டது என்று உனைசியே என்னிடம் சொன்னாள். சொல்லும்போது அவள் முகத்தில் சந்தோஷம் இல்லை, யோசனைதான் இருந்தது.

கிளம்புமுன் கடைசி வேலையாக எமோசி பயணிகள் அட்டவணையைச் சுத்தம் செய்து ஒரு கோப்பு அனுப்பினான். அதில்தான் வந்தது வினை.

மடியில் வைத்துக்கொண்டு போகிற கைக்குழந்தைக்கு எங்கள் கப்பலில் டிக்கெட் கிடையாது. ஆனால் எத்தனை குழந்தை என்று தாயின் பெயருக்கு எதிரில், அட்டவணையில் மேலிருந்து கீழே ஓடும் ஒரு தனிப் பத்தியில் பதிந்து வைப்போம். டிக்கெட் போடும் நிரல் அதைத் தொடுவதே இல்லை. எமோசி அந்த நிரலைப் பார்த்தான், யாருக்கும் தேவைப்படாத பத்தி என்று முடிவு செய்தான், அட்டவணையிலிருந்தே தூக்கிவிடும்படி எழுதிவிட்டான். கேப்டனுக்குக் கப்பல் கிளம்புமுன் போகிற ஆள் கணக்கு வேறு ஒரு நிரலிலிருந்து போகிறது. அது அந்தப் பத்தியைக் கூட்டித்தான் உயிர்க்கணக்கைச் சொல்லும். குழந்தைகளுக்கான மிதவைச் சட்டைகளை எடுத்து வைப்பதும் அதைப் பார்த்துத்தான். அந்த நிரலை அவன் திறந்தே பார்க்கவில்லை.

இதற்கு முன்னால் அவன் செய்த பிழைகள் எல்லாம் நிரலில் செய்தவை. நிரல் கெட்டால் கிட்டங்கியிலிருந்து பழையதை எடுத்துப் போடலாம். பத்தி அப்படியில்லை. கிட்டங்கியில் இருப்பது பத்தியின் அமைப்பு மட்டும்தான். அதை வைத்து மறுபடி ஒரு பத்தியை உண்டாக்கலாம், ஆனால் அதில் இருந்த குழந்தைகள் திரும்பி வரமாட்டார்கள். பத்தி காலியாக நிற்கும். டேட்டாபேசின் நகல் தினம் ஒருமுறைதான் எடுக்கிறோம். அது கிறிஸ்துமஸ் நேரம். காலையிலிருந்து கவுண்டரில் வரிசை நிற்கிறது, பதியப் பதிய அன்று சாயங்காலமே கப்பல் கிளம்புகிறது. நகலை எடுத்துப் போட்டால் அன்றைய பதிவுகள் போய்விடும்.

உனைசி இதைப் படித்து என்னிடமும் காட்டிவிட்டு எழுந்து போய் ஜன்னலருகில் நின்றாள். இந்த முறை அடுத்த எண்ணில் பெருக்க முடியாது. வெளியே சொல்லாமல் அவளால் அதை நிறுத்தவும் முடியாது, சோதனையில் நான் நிறுத்தினாலும் காரணம் வெளியே வரத்தான் செய்யும். நிறுத்தினால் மருமகனுக்கு லம்பாசா போகும், மகளுக்கு வீடு போகும், ஊருக்கு முன்னால் அவன் முகம் போகும்.

முதலில் பெனாயாவிடம் போனாள். நானும் கூடப் போனேன்.

“இந்தக் கோப்பைக் கிறிஸ்துமஸ் கழிச்சுப் போடலாமா?”

“ஏன்? ஏதாவது தப்பா?”

உனைசி அவன் மேசைமேல் இருந்த காலண்டரைத் திருப்பி வைத்தாள்.

“ரெண்டு வருஷமா அவன் வேலையில நீ ஒரு குறை சொன்னதில்ல, உனைசி. இத முடிச்சிட்டுத்தான் அவன் கிளம்பணும்னு மேல சொல்லியாச்சு. மகளை லம்பாசாவுக்கு அனுப்ப மனசில்லையா? அதுக்குக் கோப்பை ஏன் பிடிச்சு வைக்கிற?”

வெளியே வந்ததும் என்னைப் பார்த்தாள். கேட்காமலேயே எனக்குப் புரிந்தது. வாசலில் ரொட்டி விற்கிறவரிடம் நின்றுகொண்டிருந்த எமோசியிடம் போனேன்.

“தம்பி, அந்தப் பயணிகள் கோப்பை ஒருதரம் திரும்பப் பாரேன்.”

“எதுக்கு நாயுடு அக்கா?”

“சும்மாதான். பத்தியைத் தூக்குற விஷயம். எங்கயாவது வேணும்னு இருந்துட்டா?”

அவன் சிரித்தான். “அவங்க பாக்காமலா இருப்பாங்க? முன்னெல்லாம் நாலு தரம் பார்த்து அனுப்புவேன், அப்பவும் திட்டு விழும். இப்ப அவங்களே ஒண்ணும் சொல்றதில்லையே. எனக்கு வேலை பிடிபட்டுப்போச்சுக்கா. அவங்க பச்சை போட்டா அது சரி. அவங்க என்ன, பொய்க்குப் போடுற ஆளா?”

இதை அப்படியே உனைசியிடம் வந்து சொன்னேன். கூட்டவுமில்லை, குறைக்கவுமில்லை. அவள் நாற்காலியில் உட்கார்ந்தாள். இரும்பு அலமாரியைப் பார்த்தாள்.

“நான்தான் அவனைக் கெடுத்துட்டேன், நாயுடு” என்றாள். பிறகு எழுதினாள்.

டிவியில் சிவப்பு வந்தது. சரக்குப் பிரிவில் யாரோ சிரிக்கத் தொடங்கி, பெயரைப் பார்த்துவிட்டு நிறுத்தினார்கள். மறுப்புக்குக் கீழே காரணத்தை முழுதாக எழுதியிருந்தாள்: இந்தப் பத்தியை எடுத்தால் கைக்குழந்தைகள் கேப்டனின் கணக்கில் இருக்க மாட்டார்கள், எடுத்த பிறகு திரும்பக் கொண்டுவர வழியில்லை, எழுதியவர் மற்ற நிரல்களைத் தேடிப் பார்க்கவில்லை. சுற்றி வளைக்கிற பேச்சு ஒன்றும் இல்லை. பெனாயா தன் அறையிலிருந்து வெளியே வந்து படித்தான், உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டான். எமோசி பையை எடுத்துக்கொண்டு மழையில் இறங்கிப் போனான். உனைசி அவன் போன திசையைப் பார்க்கவில்லை, பார்க்கவும் கூடாது. எனக்கு அவள்மேல் அத்தனை பிரியம் வந்தது அன்றுதான்.

லம்பாசா வேலை லௌட்டோகா ஊர்க்காரர் ஒருவருக்குப் போயிற்று. வசிதி அம்மாவின் போனை எடுக்கவில்லை. எமோசி உடம்பு சரியில்லை என்று லீவு போட்டுவிட்டு வீட்டில் கம்ப்யூட்டரைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறான் என்று கேள்விப்பட்டோம்.

முறை தவறினால் மன்னிப்புக் கேட்க ஒரு வழி இருக்கிறது. யங்கோனா வேர்க் கட்டு ஒன்றைக் கொண்டுபோய் அந்த வீட்டுப் பெரியவர் முன் வைத்துக் கேட்க வேண்டும். உனைசி தன் அண்ணனைக் கண்டாவுவிலிருந்து வரவழைத்தாள். சனிக்கிழமை நசினுவில் எமோசியின் சித்தப்பா வீட்டுக்குக் கிளம்பும்போது என்னையும் கூப்பிட்டாள். “எங்க அண்ணனுக்குக் கோப்பும் தெரியாது, பத்தியும் தெரியாது. யாராவது கேட்டா நீ சொல்லு.”

பாய் விரித்திருந்தது. சித்தப்பா நடுவில், எமோசி அவருக்குப் பின்னால், வசிதி சுவரோரம் வயிற்றின்மேல் கை வைத்துக்கொண்டு. உனைசி தன் அண்ணனின் முதுகுக்குப் பின்னால் தலையைக் குனிந்து உட்கார்ந்தாள். அவ்வளவு பெரிய உடம்பை அவள் எப்படி அத்தனை சிறியதாக்கிக்கொண்டாள் என்று தெரியவில்லை. நான் கதவோரமாக இருந்தேன்.

அண்ணன் வேர்க் கட்டை இரண்டு கையாலும் முன்னால் வைத்தார். “எங்க பொண்ணு தப்புப் பண்ணிட்டா. நாலு பேர் பாக்க உங்க பிள்ளையோட வேலையை வேண்டாம்னு சொல்லிட்டா. மரியாதை தெரியாத குடும்பம்னு நினைக்காதீங்க. இது சின்னக் கட்டு, எங்க வெட்கம் பெரிசு. மனசுல வச்சுக்காம வாங்கிக்கணும்.”

சித்தப்பா கட்டைத் தொட்டார். ஏற்றுக்கொண்டதற்கு அடையாளமாகக் கையைக் குவித்து நிதானமாகத் தட்டினார். “வாங்கிக்கிட்டோம். எங்களுக்குக் கோபம் இல்ல. பிள்ளைங்க நல்லா இருக்கட்டும்.”

இதோடு முடிந்திருக்க வேண்டும். அப்போது எமோசி, “சித்தப்பா, எதுக்குன்னு வாங்குனீங்க?” என்றான்.

“என்னடா கேள்வி? உன்னை மறுத்ததுக்கு.”

“அதுக்குன்னா திருப்பிக் குடுத்துடுங்க.”

வசிதி நிமிர்ந்து பார்த்தாள். சித்தப்பா கட்டை எடுக்கப்போன கையை நிறுத்தினார்.

“அது சரியான மறுப்பு. பத்தி போயிருந்தா எத்தனை குழந்தை கணக்கில்லாமக் கடலுக்குப் போயிருக்கும்னு நான் உட்கார்ந்து பார்த்தேன். அதோட நிக்கல, ரெண்டு வருஷத்துக் கோப்பையும் படிச்சேன். நான் ஒண்ணு எழுதினா அடுத்தது அவங்க எழுதியிருக்காங்க. ஒண்ணு விடாம. அதுக்கெல்லாம் கீழ என் ஒப்புதலே இருக்கு, நான்தான் படிக்கல.” அவன் சித்தப்பாவின் பக்கம் குனிந்தான். “எனக்கு வேலை தெரியும்னு நினைச்சுக்கிட்டு இருந்தேன் சித்தப்பா. தெரியலங்கறதையே எனக்குக் காட்டாம மறைச்சு வச்சிருந்தாங்க. தௌவூவா இருந்தப்ப என்னை மனுஷனா நினைச்சுத் திட்டுனாங்க. மறுத்ததுக்கு மன்னிப்பு வேண்டாம்னு சொல்லுங்க. ஒப்புதல் குடுத்ததுக்குக் கேக்கச் சொல்லுங்க.”

சித்தப்பாவுக்கு ஒன்றும் விளங்கவில்லை. அண்ணனைப் பார்த்தார், அண்ணன் என்னைப் பார்த்தார். நான் இரண்டு வார்த்தையில் சொன்னேன். “எத்தனை அப்படி?” என்று கேட்டார் சித்தப்பா. “எல்லாமே” என்றேன்.

உனைசி அழுதாள். சத்தமில்லாமல் தோள் மட்டும் குலுங்கியது. வசிதி எழுந்து வந்து அம்மாவின் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டாள். உனைசி முகத்தைத் துடைத்துவிட்டு, அண்ணனின் காதருகே குனிந்து ஏதோ சொன்னாள். அண்ணன் புரியாத முகத்தோடு கேட்டுக்கொண்டு சித்தப்பாவின் பக்கம் திரும்பினார்.

“அதுக்கு இந்தக் கட்டு பத்தாதுன்னு சொல்றா” என்றார். “அடுத்த கப்பல்ல இன்னும் கொண்டாரச் சொல்றா.”